துவைத்த ஜிம் டீ-ஷர்ட் மறுபடி ஏன் நாறுகிறது?

கேள்வி இது: "வாரத்துக்கு ஐந்து நாள் ஜிம்முக்குப் போகிறேன். போடுவது பாலியஸ்டர் டீ-ஷர்ட். துவைத்துக் காயவைத்து மடிக்கும்போது ஒரு வாடையும் இல்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் டிரெட்மில்லில் ஓடினால் பழைய நாற்றம் அப்படியே வந்துவிடுகிறது. கிருமிநாசினி ஊற்றி அலசிவிட்டேன், வாசனைத் திரவமும் போட்டுப் பார்த்துவிட்டேன். இது பாக்டீரியாவா? உடம்புக்குக் கெடுதலா? பேசாமல் காட்டனுக்கே மாறிவிடட்டுமா?"

பாக்டீரியாதான். ஆனால் பாக்டீரியாவைக் கொல்வதை மட்டும் குறியாக வைத்துக்கொண்டால் இந்த நாற்றம் போகாது. உங்கள் டீ-ஷர்ட்டில் மூன்று விஷயங்கள் தங்கியிருக்கின்றன: உடம்பிலிருந்து இறங்கிய எண்ணெய்ப் பிசுக்கு, அந்தப் பிசுக்கில் கரைந்து கிடக்கும் நாற்றப் பொருள்கள், சலவையில் தப்பிப் பிழைத்த கொஞ்சம் பாக்டீரியா. கிருமிநாசினி மூன்றாவதை மட்டும்தான் தொடும். அந்த மூன்றாவதோ, சட்டையை மறுபடி மாட்டிய சிறிது நேரத்தில் உங்கள் தோலிலிருந்தே புதிதாக வந்து சேர்ந்துவிடும். முதல் இரண்டையும் துணியை விட்டு வெளியேற்ற வேண்டும். அதைவிட முக்கியம், அவை சேர்வதற்கு நேரம் கொடுக்காமல் இருப்பது.

முதலில் வியர்வை. அப்போதுதான் வடிந்த வியர்வைக்கு ஏறக்குறைய வாடையே கிடையாது. உடம்பு முழுக்கப் பரவியிருக்கும் எக்ரைன் சுரப்பிகள் விடுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். உடம்பைக் குளிர்விப்பது அதன் வேலை. அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருக்கும் அபோக்ரைன் சுரப்பிகள் வேறு ரகம். அவை கொழுப்பும் புரதமும் கலந்த, கொஞ்சம் கெட்டியான திரவத்தை விடுகின்றன. இதோடு தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளும் சேர்ந்துகொள்கின்றன. பாக்டீரியாவுக்குச் சாப்பாடு இந்தக் கலவைதான்.

அக்குளில் குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியா, வாடையில்லாத ஒரு சிறு மூலக்கூறை உள்ளே இழுத்து உடைத்து, கந்தகம் கலந்த தயோஆல்கஹால் ஒன்றை வெளியே விடுகிறது. இந்த உடைக்கும் வேலையைச் செய்யும் நொதி எது என்பதை இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தின் கேவின் தாமஸ் குழுவினர் 2020-இல் காட்டினார்கள். அந்தத் தயோஆல்கஹால் மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்கைத் துளைக்கும். ஒரு துளி துணியில் மிச்சமிருந்தாலும் நமக்குத் தெரிந்துவிடுவது அதனால்தான். உடம்பிலிருந்து வரும் வாடை இப்படி உண்டாகிறது என்றால், துணியில் நடப்பது இதிலிருந்து கொஞ்சம் வேறு கதை. அந்த வேறுபாடுதான் உங்கள் கேள்விக்குச் சாவி.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் காலவார்ட் என்ற நுண்ணுயிரியலாளரும் அவரது சகாக்களும் 2014-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 26 பேரை காட்டன், பாலியஸ்டர், இரண்டும் கலந்த துணி என்று வெவ்வேறு டீ-ஷர்ட்டுகள் அணியவைத்து, ஒரு மணி நேரம் ஸ்பின்னிங் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பிறகு சட்டைகளைக் கழற்றி பிளாஸ்டிக் பைகளில் போட்டு மூடி, 28 மணி நேரம் அப்படியே விட்டுவிட்டார்கள். அதன்பின் பயிற்சி பெற்ற மோப்பக் குழு முகர்ந்து மதிப்பெண் போட்டது. துணியில் வளர்ந்த பாக்டீரியாக்களையும் வகை பிரித்துப் பார்த்தார்கள். பாலியஸ்டர் சட்டைகள் காட்டனைவிடத் தெளிவாக அதிகமாக நாறின, வாடையும் கடுமையாக இருந்தது.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த விஷயம். அக்குள் நாற்றத்துக்கு வழக்கமாகக் குற்றம் சாட்டப்படும் கோரினிபாக்டீரியம் துணியில் வளரவே இல்லை. ஸ்டஃபிலோகாக்கஸ் இரண்டு துணியிலும் வளர்ந்தது. தோலில் சிறுபான்மையாக இருக்கும் மைக்ரோகாக்கஸ் செயற்கை இழையில் பெருகிவிட்டது. அதாவது துணி தனக்கென்று ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. உங்கள் அக்குளின் வாடையும் உங்கள் டீ-ஷர்ட்டின் வாடையும் ஒன்றே இல்லை. நன்றாகக் குளித்து, டியோடரன்ட் போட்டுக்கொண்டு போகிறவருடைய சட்டையும் நாறுவதற்கு இது ஒரு காரணம்.

பாலியஸ்டருக்கு ஏன் இந்தக் குணம்? அது தண்ணீரை வெறுக்கும், எண்ணெயை விரும்பும் இழை. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் 8 சதவீதம் வரை தண்ணீரை இழைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். கம்பளி 16 சதவீதம் வரை. பாலியஸ்டர் வைத்துக்கொள்வது வெறும் 0.4 சதவீதம். அதனால்தான் அது சீக்கிரம் காய்கிறது, ஓடும்போது உடம்போடு ஒட்டிக் கனப்பதில்லை. ஆனால் வியர்வை இழைக்குள் போகாமல் இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் நிற்கிறது. பாக்டீரியாவுக்கு வசதியான இடம் அதுதான். எண்ணெயோ இழையின் மேல் படலமாக ஒட்டிக்கொள்கிறது. நாற்றப் பொருள்களில் பல எண்ணெயில் கரையும் ஜாதி. குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசு அலசினால் அவை நகர்வதில்லை. துணி காய்ந்து ஆறியிருக்கும்போது அவை அடங்கிக் கிடக்கும். உடம்புச் சூடும் ஈரமும் பட்டவுடன் ஆவியாகிக் கிளம்பும். நீங்கள் சொல்லும் அந்தப் பத்து நிமிடம் இதுதான். அதே ஈரத்தில், தப்பிப் பிழைத்த பாக்டீரியாவும் பழைய பிசுக்கைத் தின்று மறுபடி வேலையைத் தொடங்குகிறது.

கம்பளி ஒரு விசித்திரமான சாட்சி. கென்ட் குழு துணி வகைகளில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்தபோது, கம்பளியில் அவை செழித்து வளர்ந்தன. ஆனால் முகர்ந்து பார்க்கும் சோதனைகளில் பெரும்பாலும் குறைவாக நாறுவது கம்பளிதான். வாடைப் பொருள்களைத் தன் இழைக்குள் இழுத்துப் பூட்டிக்கொள்கிறது, காற்றில் விடுவதில்லை. எனவே "இத்தனை சதவீத பாக்டீரியாவை ஒழிக்கும்" என்று ஒரு துணியின் லேபிளில் எழுதியிருந்தால், அது நாறாது என்று அர்த்தமில்லை. பாக்டீரியா எண்ணிக்கையும் நாற்றமும் தனித்தனிக் கணக்கு.

இனி அந்த இன்னொரு வாடை, மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயப்போட்ட துணியில் வருமே, ஈரமான துடைப்புத் துணியின் மக்கல் வாடை. அதற்கும் வியர்வைக்கும் சம்பந்தமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானின் காவோ நிறுவன ஆய்வாளர்கள் 2012-இல் அதன் ஆளைப் பிடித்தார்கள்: மொராக்ஸெல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா. துணியில் எஞ்சிய கொழுப்பிலிருந்து அது 4-மெத்தில்-3-ஹெக்சினாயிக் அமிலம் என்ற பொருளை உண்டாக்குகிறது. அந்த வாடைக்கு முக்கியக் காரணம் அதுதான். இந்தப் பாக்டீரியா உலர்ச்சியையும் புற ஊதாக் கதிரையும் மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்றும் கண்டார்கள். ஜப்பானிலும் மழைக்காலத்தில் வீட்டுக்குள் துணி காயப்போடும் வழக்கம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னை அடுக்குமாடி வீட்டின் பால்கனிக் கொடியில் இரண்டு நாள் ஈரத்தோடு தொங்கும் டிராக் பேன்ட்டிலும் நடப்பது இதேதான்.

வாஷிங் மெஷினையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். காலவார்ட்டும் சகாக்களும் 2015-இல் வீட்டு மெஷின்களை ஆராய்ந்தபோது, குறைந்த சூட்டில் ஓடும் சலவையில் ஒரு துணியின் பாக்டீரியா இன்னொரு துணிக்குப் போவதையும், மெஷினில் இருக்கும் தண்ணீர்ப் பாக்டீரியா துணியில் ஏறுவதையும் கண்டார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் குழாய்த் தண்ணீரிலேயே மெஷின் ஓடுகிறது. முன்பக்கம் திறக்கும் மெஷினின் ரப்பர் வளையத்தைப் பிரித்துப் பாருங்கள், வழவழவென்று கறுப்பாக ஒரு படலம் இருக்கும். அதைத் துடைத்து எடுங்கள். மாதம் ஒரு தடவை துணியில்லாமல் அதிகபட்சச் சூட்டில் ஓட்டுங்கள். துவைத்து முடிந்ததும் மூடியைத் திறந்தே வையுங்கள்.

சரி, என்ன செய்வது?

எல்லாவற்றையும்விட முதலில் நேரம். கென்ட் ஆய்வில் அந்தச் சட்டைகள் இருந்த மூடிய பிளாஸ்டிக் பையும் உங்கள் ஜிம் பையும் ஒன்றுதான். காலை ஆறரைக்குக் கழற்றிச் சுருட்டிப் பையில் திணித்து, அலுவலகத்தில் மேசைக்கு அடியில் வைத்து, ராத்திரி வீட்டுக்கு வந்து அழுக்குக் கூடையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை துவைத்தால், எந்தச் சோப்புத் தூளும் உங்களைக் காப்பாற்றாது. நல்ல சூழல் கிடைத்தால் ஸ்டஃபிலோகாக்கஸ் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக் கூடியது. அந்த வேகத்தில் ஆறு மணி நேரத்தில் ஒன்று நான்காயிரமாகும். துணியில் அவ்வளவு வேகம் இருக்காது, ஆனாலும் போகிற திசை அதுதான். உடனே துவைக்க முடியாவிட்டால் பரவாயில்லை. ஜிம் குளியலறையிலேயே வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள், வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ போனதும் காற்றாட விரித்துப் போடுங்கள். பாலியஸ்டர் ஓரிரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்த துணியில் பாக்டீரியா சாகாவிட்டாலும் பெருகாது. இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஒரு ரூபாய் செலவில்லாத வேலை என்பதால்தானோ என்னவோ, விளம்பரங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

அடுத்தது பிசுக்கு. ஏற்கனவே நாற்றம் ஏறிவிட்ட சட்டைகளுக்கு வழக்கமான சலவை போதாது. எண்ணெய் இளகச் சூடு வேண்டும், அதைப் பிரிக்கக் காரம் வேண்டும். நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவி வைத்ததில் இந்த இரண்டுமே இருந்தன. உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியைத் தோய்த்து, அடுக்கி, நீராவியில் வேகவைத்து, அலசி, வெயிலில் விரிப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. அழுக்கு, பிசுக்கு, கிருமி மூன்றும் ஒரே முறையில் போயின. பருத்தி அந்தச் சூட்டைத் தாங்கியது. உங்கள் டீ-ஷர்ட்டிலோ பாலியஸ்டரோடு ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் இழை கலந்திருக்கும், கொதிநீர் பட்டால் அதன் இழுவை போய்விடும். ஆகவே அதையே மிதமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். பிசுக்கு ஒட்டுவது தோல் படும் பக்கத்தில்தான். கை பொறுக்கும் சூட்டில், சுமார் 40 டிகிரி, ஒரு வாளித் தண்ணீர் எடுத்து, சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்ஸிஜன் பிளீச் தூளைப் பொட்டலத்தில் சொன்ன அளவு கரைத்து, ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். கடைகளில் கறை நீக்கும் பவுடர் என்று கிடைக்கும், பொருள் பட்டியலில் பெர்கார்பனேட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தண்ணீரில் பட்டதும் அது சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது. முதலாவது பிசுக்கைக் கவனிக்கும், இரண்டாவது பாக்டீரியாவையும் நாற்றப் பொருள்களையும் ஆக்ஸிஜனேற்றி முடக்கும். பச்சைத் தண்ணீரில் இந்த வேலை மந்தமாகத்தான் நடக்கும், சூடு கட்டாயம். கம்பளி, பட்டு இரண்டையும் இதில் போடாதீர்கள். ஊறிய பிறகு கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் போன்ற நொதிகள் உள்ள டிடெர்ஜென்ட்டில் துவையுங்கள். திரவ டிடெர்ஜென்ட் மட்டுமே வாங்குகிறவர்களுக்கு ஒன்று: அவற்றில் பொதுவாக இந்த பிளீச் இருக்காது, ஊறவைப்பது உங்களுக்கு இன்னும் அவசியம்.

போர் தண்ணீர் வருகிற வீடென்றால் இன்னொரு சிக்கல். உப்புத் தண்ணீரின் கால்சியம், சோப்புக் கட்டியோடு சேர்ந்து நுரைக்காத வெள்ளைத் திப்பியாகித் துணியிலேயே படிகிறது. அப்படிப்பட்ட வீட்டில் சாதாரண சோப்பு வேண்டாம், டிடெர்ஜென்ட் தூள்தான் சரி. கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் சேர்த்தால் படிவம் கரையும். வினிகர் பிசுக்கை எடுக்காது, பாக்டீரியாவையும் பெரிதாக ஒன்றும் செய்யாது, அதற்காக நம்ப வேண்டாம். குளோரின் பிளீச்சோடு மட்டும் வினிகரைச் சேர்க்கவே கூடாது. விஷ வாயு கிளம்பும். குளோரின் பிளீச் ஸ்பான்டெக்ஸையும் அரித்துவிடும், விளையாட்டு உடைகளுக்கு அது ஆகாது.

நீங்கள் போட்ட வாசனைத் திரவம், துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் என்றால் உடனே நிறுத்துங்கள். அது இழையின் மேல் கொழுப்புத் தன்மையுள்ள ஒரு பூச்சைப் பூசுகிறது. வியர்வை பரவி ஆவியாக வேண்டிய துணியின் திறன் குறைகிறது, பழைய பிசுக்கின் மேல் புதுப் படலம் ஏறுகிறது. விளையாட்டு உடைகளின் லேபிளில் கண்டிஷனர் வேண்டாம் என்று எழுதியிருப்பது இதற்காகத்தான்.

நாற்றமே வராது என்று வெள்ளி பூசிய துணிகளும் விற்கிறார்கள். வெள்ளி அயனிகள் பாக்டீரியாவைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் 2008-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பலவகை வெள்ளி சாக்ஸ்களைத் தண்ணீரில் அலசிப் பார்த்தபோது, சில ஜோடிகள் சில அலசல்களிலேயே பெரும்பகுதி வெள்ளியை இழந்தன. அது போய்ச் சேருவது சாக்கடையில், அங்கிருந்து நீர்நிலைகளில். கூடுதல் விலை கொடுத்து இதை வாங்க நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு சாதாரண டீ-ஷர்ட் வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

உடம்புக்குக் கெடுதலா என்றால், நாற்றம் கெடுதல் இல்லை. அதை உண்டாக்குகிற பாக்டீரியாவில் பெரும்பாலானவை உங்கள் தோலிலேயே எப்போதும் இருப்பவை, ஆரோக்கியமான ஆளை ஒன்றும் செய்யாதவை. கெடுதல் வருவது வேறு வழியில்: ஈரத் துணி தோலோடு உரசிக்கொண்டே நெடுநேரம் இருப்பதால். முடி வேர்களில் சிறு சிறு கொப்புளங்கள் கிளம்பும், முதுகில் தேமல் படரும், தொடையிடுக்கில் படர்தாமரை வரும். கடைசி இரண்டும் பாக்டீரியா இல்லை, பூஞ்சை.

படர்தாமரையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெர்பினஃபைன் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துக்கு அடங்காத டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை இந்தியாவில் பரவலாக இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை இரண்டு நாளில் அடக்கிவிட்டு, பூஞ்சையை உள்ளே பரவவிடும். வளையமாகச் சிவந்து அரித்தால் தோல் மருத்துவரிடம் போங்கள், அவர் சொன்ன காலம் முழுக்க மருந்து போடுங்கள். அந்த நாட்களில் உங்கள் துணியை வீட்டார் துணியோடு சேர்க்காமல், லேபிள் அனுமதித்தால் 60 டிகிரியில் துவையுங்கள். உள்ளாடைக்கு இஸ்திரி போடுங்கள். 30, 40 டிகிரிச் சலவை பூஞ்சை வித்துகளைக் கொல்லும் என்று நம்ப முடியாது.

துண்டையும் பகிர்ந்துகொள்ளாதீர்கள். 2003-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 58 வீரர்களில் 5 பேருக்கு, மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று வந்தது. புல்தரையில் உராய்ந்த சிராய்ப்புகளில்தான் அது இறங்கியது. விசாரித்தபோது வீரர்கள் துண்டுகளைப் பகிர்ந்துகொண்டது தெரிந்தது. உள்ளூர் ஜிம்மில் பெஞ்சைத் துடைத்த துண்டாலேயே முகத்தைத் துடைப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து பெஞ்சுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என்று இரண்டு துண்டு கொண்டுபோங்கள். சிராய்ப்பு இருந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

காட்டனுக்கு மாறுவதா? நீங்கள் பளு தூக்குவதுதான் முக்கியம், ஓடுவது பத்துப் பதினைந்து நிமிடம்தான் என்றால், தாராளமாக மாறலாம். துவைத்தால் வாடை எளிதில் போகும், சூடான தண்ணீரையும் வெயிலையும் தாங்கும். ஆனால் ஒரு மணி நேரம் ஓடுகிறவர், ஷட்டில் ஆடுகிறவர் காட்டன் போட்டால், சட்டை தண்ணீரைக் குடித்துக் கனத்து, அக்குளையும் மார்புக் காம்பையும் உரசிப் புண்ணாக்கும். அவருக்கு பாலியஸ்டர்தான் வசதி, கழற்றியதும் அலசும் பழக்கத்தோடு. ஒரு நாள் போட்டதைக் காயவைத்து மறுநாள் துவைக்காமல் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேண்டாம்.

இப்போது உங்களிடம் இருக்கும் சட்டைகளில் எது தேறும் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மேலே சொன்னபடி ஊறவைத்துத் துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, உள்பக்கம் அக்குள் பகுதியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு முறை ஓட்டி, எழும் ஆவியை முகர்ந்து பாருங்கள். உடம்புச் சூட்டில் வரப்போகும் வாடை அங்கேயே வந்துவிடும். வந்தால் இன்னொரு முறை ஊறவையுங்கள். இரண்டாம் முறையும் வந்தால் அந்தச் சட்டையை வண்டி துடைக்க எடுத்து வைத்துவிடுங்கள்.